வேரா ஹலோத்னயா: நான்காண்டுத் திரைவாழ்வு

ரஷ்ய மௌனப்படத்தின் முதல் பெரும் நட்சத்திரமாகிய வேரா ஹலோத்னயாவின் திரைவாழ்வை அவர் வாழ்ந்த காலத்தின் அரசியலிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. முதல் உலகப்போர் அவருக்கு வாசலைத் திறந்துவிட்டது, புரட்சியும் உள்நாட்டுப் போரும் அவரை மாஸ்கோவிலிருந்து கருங்கடற்கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன, போரை ஒட்டி உலகெங்கும் பரவிய கொள்ளைநோய் அவர் உயிரைப் பறித்தது. ரஷ்யாவின் முதல் கதைப்படம் 1908இல் வெளிவந்தபோது அந்நாட்டுத் திரையரங்குகளைப் பாத்தே, கோமோன் ஆகிய பிரெஞ்சு நிறுவனங்களே ஆண்டுகொண்டிருந்தன. 1914இல் போர் மூண்டு எல்லைகள் அடைபட்டதும் அயல்நாட்டுப் படங்களின் வரத்து குறைந்துவிட, உள்ளூர்ப் படமுதலாளிகள் அந்த வெற்றிடத்தை நிரப்பப் போட்டி போட்டார்கள். படங்கள் பெருகின, புதுமுகங்களுக்கான தேவையும் பெருகிற்று.

இன்றைய உக்ரைனில் உள்ள பொல்தாவா நகரில் 1893இல் பிறந்த வேரா லெவ்சென்கோ, சிறுவயதிலேயே குடும்பத்துடன் மாஸ்கோவுக்குக் குடிபெயர்ந்தார். போல்ஷோய் நாடக அரங்கின் பாலே பள்ளியில் சேர்ந்தும், நடனம் குடும்பப் பெண்ணுக்கு ஆகாது என்ற பாட்டியின் எதிர்ப்பால் அப்படிப்பை விட நேர்ந்தது. 1910இல் சட்டம் படித்த விளாதிமீர் ஹலோத்னியை மணந்தார். ரசிகர்கள் பலர் புனைபெயர் என்று எண்ணிக்கொண்டிருந்த ‘ஹலோத்னயா’ கணவரின் குடும்பப்பெயரே. ஒரு மகள் பிறந்தாள், இன்னொரு பெண் குழந்தையைத் தத்தெடுத்தார்கள். 1914இல் கணவர் போர்முனைக்குப் போய்விட்ட நிலையில்தான், அதே ஆண்டு விளாதிமீர் கார்தின் எடுத்த ‘அன்னா கரேனினா’ படத்தில் வேராவுக்கு மிகச் சிறிய வேடம் ஒன்று கிடைத்தது. அதை எவரும் பொருட்படுத்தவில்லை.

அவரைக் கண்டெடுத்தவர் இயக்குநர் யெவ்கேனி பாவர். அரங்க அலங்கார ஓவியராகத் தொழில் பயின்ற பாவர், அலெக்சாந்தர் ஹன்ஷோன்கோவின் நிறுவனத்திற்குப் படம் எடுத்தபோது, காட்சியை வெறும் பின்திரைக்கு முன்னே நடத்தாமல், தூண்கள், படிக்கட்டுகள், மெல்லிய திரைச்சீலைகள் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி ஆழத்தை உண்டாக்குவதையும், விளக்கின் ஒளியை ஒரு பக்கமாக விழச்செய்து முகத்தைச் செதுக்குவதையும் தம் பாணியாகக் கொண்டிருந்தார். இப்பாணியில் நடிகர்கள் வேகமாக அசைவதற்கு இடமில்லை. அக்கால ரஷ்யத் திரை விமர்சகர்கள் சிலர் மெதுவான நடிப்பை ஒரு கொள்கையாகவே போற்றினர். கையை வீசி, விழியை உருட்டிப் பொருளைச் சொல்லும் நாடகப் பழக்கத்திற்கு மாறாக, பாத்திரம் ஓரிடத்தில் நீண்ட நேரம் நின்று உள்ளத்தில் நிகழ்வதைப் பார்வையாளர் ஊகிக்க விடுவதே உயர்ந்தது என்பது அவர்கள் கருத்து. நாடகப் பயிற்சியே இல்லாத வேராவுக்கு இது வரமாக அமைந்தது. துர்கேனிவின் கதையைத் தழுவி பாவர் 1915இல் எடுத்த ‘வெற்றிக் காதலின் கீதம்’ அவரை ஒரே படத்தில் நட்சத்திரமாக்கியது.

அந்தப் படம் இன்று இல்லை. ஆயினும் அதே ஆண்டில் வந்த ‘காலத்தின் குழந்தைகள்’ எஞ்சியுள்ளது. வேராவின் திறமையை எடைபோட அதுவே நல்ல சான்று. வங்கி எழுத்தர் ஒருவரின் மனைவியான மரியா, கடைத்தொகுதியில் பழைய தோழியைத் தற்செயலாகச் சந்தித்து, அவள் வழியாகப் பணக்காரர் வட்டத்திற்குள் நுழைகிறாள். அவள்மேல் கண்வைத்த முதிய செல்வர் லெபெதெவ் ஏரியில் படகிலேயே அவளிடம் அத்துமீறுகிறார், கணவனின் வேலை பறிபோகிறது, இறுதியில் அவள் குழந்தையையும் எடுத்துக்கொண்டு போய்விட, கணவன் தன்னையே சுட்டுக்கொள்கிறான். கதை அந்நாளைய மலிவான மிகையுணர்ச்சிக் கதைதான். ஆனால் மரியா வஞ்சிக்கப்படுகிறாளா, தானே விரும்பிச் செல்கிறாளா என்பதை வேராவின் முகம் கடைசிவரை உறுதியாகச் சொல்வதில்லை. பெரிய சாம்பல்நிறக் கண்கள் தாழ்ந்திருக்கின்றன, உடல் எதிர்க்கவும் இல்லை இணங்கவும் இல்லை. இந்த இருமையை அவர் அறிந்து செய்தாரா, அன்றி பாவர் அவரை அவ்வாறு நிறுத்தி வைத்தாரா என்ற ஐயத்தை எழுப்புவோர் உண்டு. இரண்டாவதே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், அவ்வளவு நேரம் ஒளிப்பதிவுக் கருவியின் முன் எதையும் ‘செய்யாமல்’ இருக்கத் துணிவதும் நடிப்பேயாகும்.

1916இல் வந்த ‘உயிருக்கு உயிர்’ பிரெஞ்சு எழுத்தாளர் ழோர்ழ் ஓனேயின் நாவலைத் தழுவியது. ஆலை முதலாளியான ஒரு தாய்க்குச் சொந்த மகள் மூஸ்யா, வளர்ப்பு மகள் நாதா என இருவர்; நாதாவை விரும்பும் இளவரசன் பர்தின்ஸ்கி, சீர்ப்பணத்திற்காக மூஸ்யாவை மணந்துகொண்டு, வேறொருவருக்கு மனைவியாகிவிட்ட நாதாவுடன் உறவைத் தொடர்கிறான்; முடிவில் அந்தத் தாயே அவனைச் சுட்டுக்கொல்கிறாள். மூஸ்யாவாக வந்த லிதியா கோரெனெவா, ஸ்தனிஸ்லாவ்ஸ்கியின் மாஸ்கோ கலை அரங்கில் பண்பட்ட நடிகை. அப்படியிருந்தும் மக்கள் நினைவில் தங்கியது நாதாதான்.

அதன்பின் படமுதலாளி திமீத்ரி ஹரிதோனவ் கூடுதல் ஊதியம் காட்டி, இயக்குநர் பியோத்தர் சார்தீனினையும் வேராவையும் தம் நிறுவனத்திற்கு இழுத்துக்கொண்டார். கலை நோக்கில் இது இறக்கம் என்றே சொல்ல வேண்டும். சார்தீனினிடம் பாவரின் கண் இல்லை. ஆனால் வசூலில் இதுவே உச்சம். ‘ரொமான்ஸ்’ எனப்படும், வீட்டுக் கூடங்களில் பியானோவுக்கோ கிதாருக்கோ பாடப்படும் காதல் சோகப்பாட்டு ஒன்றைக் கதையாக விரித்து எடுத்த ‘கணப்படுப்பின் அருகே’, ஜார் முடிதுறந்த 1917இல் வெளிவந்து, நாடே கொந்தளித்துக்கொண்டிருந்த வேளையிலும் அரங்குகளை நிறைத்தது. அதில் நாயகி இறந்துவிடுகிறாள். ரஷ்யப் பார்வையாளருக்குச் சோக முடிவின் மீது இருந்த பற்று அத்தகையது, டென்மார்க்கின் நோர்டிஸ்க் நிறுவனம் ரஷ்ய விற்பனைக்கென்றே சோக முடிவுகளைத் தனியாகப் படமாக்கி அனுப்பியிருக்கிறது. ‘கணப்படுப்பின் அருகே’ படத்தில் இறந்துவிட்ட நாயகியை வைத்து அடுத்த பாகம் எடுப்பது எப்படி என்ற சிக்கலுக்கு, அவளைப்போலவே தோன்றும் சர்க்கஸ் நடிகை ஒருத்தியைக் கொண்டுவந்து தீர்வு கண்டார்கள். 1918இல் தம் திரைப்பணியின் பத்தாண்டு நிறைவுக்காகச் சார்தீனின் எடுத்த ‘மௌனமாயிரு துயரமே, மௌனமாயிரு’ படத்தில் பலோன்ஸ்கி, மக்சீமவ், ரூனிச் என அந்நாளைய முன்னணி நாயகர்கள் பலரும் வேராவைச் சுற்றி நிற்கிறார்கள். யாருடைய பெயருக்காகச் சீட்டு விற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1918 கோடையில் ஹரிதோனவின் குழு படப்பிடிப்புக்காக ஒதேசாவுக்குச் சென்றது. அந்த டிசம்பரில் பிரெஞ்சுப் படைகள் அங்கே வந்திறங்கின. நகரம் அகதிகளாலும் அதிகாரிகளாலும் ஒற்றர்களாலும் நிரம்பி வழிந்தது. 1919 ஜனவரியில் பலோன்ஸ்கி இறந்தார். பிப்ரவரி 16 அன்று, ஸ்பானியக் காய்ச்சல் என்று அழைக்கப்பட்ட கடும் சளிக்காய்ச்சலுக்கு வேராவும் பலியானார், வயது 25. இறுதி ஊர்வலத்தைச் சார்தீனின் படமாக்கினார். தெருவை அடைத்து நிற்கும் கூட்டத்தைக் காட்டும் அந்தச் சுருள், வேரா நடித்த படங்கள் பலவற்றைவிட நீண்ட ஆயுள் பெற்றுவிட்டது. அவர் செஞ்சேனையின் ஒற்றர், நஞ்சூட்டிய லில்லி மலர்களால் கொல்லப்பட்டார் என்ற வதந்திகளும் உடனே கிளம்பின. நம்பத்தக்க ஆதாரம் அவற்றுக்கு இல்லை; கொள்ளைநோயில் எல்லாரையும்போல ஒரு நட்சத்திரமும் சாகலாம் என்பதை ரசிகர் மனம் ஏற்க மறுத்ததே அவற்றின் மூலம்.

1919 ஆகஸ்ட்டில் சோவியத் அரசு திரைத்தொழிலை நாட்டுடைமையாக்கியது. ஹரிதோனவ் உள்ளிட்ட முதலாளிகள் வெளியேறினர். பாவர் 1917லேயே இறந்துவிட்டிருந்தார். அவரிடம் அரங்க அமைப்பாளராகத் தொழில் தொடங்கிய லெவ் குலேஷவ், பின்னாளில், உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிக் காட்டினால் பார்ப்பவர் அம்முகத்தில் பசியையும் துயரையும் தாமே கண்டுகொள்வர் என்று நிறுவி, படத்தொகுப்பே சினிமாவின் உயிர் என்று அறிவித்தார். அசையாத முகத்தின் வலிமையை வேராவின் படங்கள் வெட்டோ ஒட்டோ இன்றி முன்பே காட்டியிருந்தன என்பதைப் புதிய தலைமுறை ஒப்புக்கொள்ளவில்லை. ஜார் காலத்துப் படங்களைக் குட்டிமுதலாளித்துவக் கண்ணீர் என ஒதுக்கிவிட்டது.

வேரா மீண்டும் பேசப்பட்டது 1975இல் நிகிதா மிஹல்கோவ் எடுத்த ‘காதலின் அடிமை’யால். தெற்கே படப்பிடிப்புக்கு வந்து புரட்சியில் சிக்கிக்கொள்ளும் நடிகையாக யெலேனா சலவேய் நடித்த அந்த அழகான படம், வேராவின் வாழ்க்கையைக் கருவாகக் கொண்டதாயினும், வதந்திகளின் பக்கமே சாய்கிறது. உண்மையான படங்களை வெளியுலகம் கண்டது அதன் பிறகே: 1989இல் இத்தாலியின் போர்தெனோனே மௌனப்பட விழாவில் ஜார் காலத்துப் படங்கள் தொகுத்துத் திரையிடப்பட்டபோது, பாவரைச் சினிமா வரலாற்றின் பெரும் கலைஞர் வரிசையில் வைத்து எழுதத் தொடங்கினர். அவ்வாறு எழுதியவர்களில் பலரும் வேராவைப் பாவரின் ஒளியமைப்பின் ஒரு பகுதியாகவே குறிப்பிட்டுக் கடந்துவிட்டனர். ‘காலத்தின் குழந்தைகள்’ படத்தை ஒருமுறை முழுவதும் பார்த்தவர்கள் அந்த மதிப்பீட்டை ஏற்க மாட்டார்கள்.