இமை மூடாத கண்கள்



தருமபுரி மாவட்டத்தில், அரூரை அடுத்த சித்தேரி மலையில் நான் இளம் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், பள்ளிக்கு எதிரே இருந்த புளியமரத்தடியில் முதியவர் ஒருவர் வந்து அமர்வதுண்டு. விரல்கள் குறைந்த கைகள், புருவமில்லாத முகம். எவரைப் பார்த்தாலும் இமை கொட்டாமல் பார்ப்பார். கண்கள் சிவந்து நீர் வடிந்துகொண்டே இருக்கும். பிள்ளைகள் அஞ்சினர். நானோ, இப்படி முறைக்கிறாரே என்று உள்ளூரச் சினந்தேன். அவர் முறைக்கவில்லை, அவர் இமைகளால் மூட இயலவில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன்.

அவரை வருத்தியது தொழுநோய். தோலில் உணர்ச்சியற்ற தேமலாகத் தோன்றி, ஆண்டுக்கணக்கில் நீடித்து, நரம்புகளை அழற்சியுறச் செய்வது அது. அதற்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873-இல் கண்டறிந்தார். உடலின் குளிர்ந்த பகுதிகளே அக்கிருமிக்கு உகந்தவை. காற்றுப்படும் கண்ணின் முன்புறமும் அத்தகையதன்றோ?

இவ்வரலாற்றின் ஒரு நுனி நமக்கு அருகிலேயே இருக்கிறது. சித்தேரிக்குத் தெற்கே உள்ள கொல்லிமலையில், சமயப்பணி செய்துவந்த ஆங்கிலத் தம்பதியருக்கு 1914-இல் பிறந்தவர் பால் பிராண்டு. அவர் 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தார். தொழுநோயாளியின் விரல்களை நோயே தின்றுவிடுகிறது என்று பலரும் நம்பியிருந்த காலம் அது. உண்மை அதுவன்று, வலி தெரியாமையால் சூடும் வெட்டும் பட்டுப் புண்ணாகியே விரல்கள் தேய்கின்றன என அவர் காட்டினார்.

அவர் துணைவியார் மார்கரெட்டு 1947-இல் வேலூர் வந்தார். மருத்துவரேயாயினும் கண் மருத்துவம் பயிலாதவர். கண் பிரிவில் பணிபுரிய அழைத்தபோது, தமக்கு அதில் ஒன்றும் தெரியாதென்று மறுத்தார். கற்றுக்கொள்ளலாம், வாருங்கள் என்றே விடை வந்ததாம். (என்னையும் ஒருமுறை இப்படித்தான் கணக்குப் பாடம் நடத்த அனுப்பினார்கள்.) அவ்வாறு தொடங்கியவர், தொழுநோயால் வரும் கண் கேட்டினை ஆராய்வதில் உலகறிந்த வல்லுநர் ஆனார்.

நாம் கண் இமைப்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. கருவிழி சற்று உலர்ந்தாலும், தூசு பட்டாலும், உணர்ச்சி நரம்பு செய்தி சொல்ல, முகநரம்பு இமையை மூடுகிறது. தொழுநோய் இவ்விரண்டையுமே கெடுக்கவல்லது. முன்னது கெட்டால் கண்ணில் மணல் விழுந்தாலும் தெரியாது. பின்னது கெட்டால், தெரிந்தாலும் மூட முடியாது. உறக்கத்திலும் கண் திறந்தே கிடக்கும். கருவிழி உலர்ந்து, புண்ணாகி, பூ விழுந்து பார்வை போகும். கண்ணுக்குள்ளேயே அழற்சி தோன்றுவதும் உண்டு. பார்வை இழந்த பிறர் கைகளால் தடவி உலகை அறிவர். மரத்துப்போன விரல்களை உடையவருக்கு அவ்வழியும் அடைபட்டுவிடுகிறது.

இதற்கு மருத்துவர்கள் கையாண்ட வழிகளுள் ஒன்று வியப்பானது. மெல்லுவதற்கு உதவும் பொட்டுத் தசையின் ஒரு பகுதியை இமைகளோடு இணைத்துவிடுவர். அதன்பின் பல்லைக் கடித்தால் கண் மூடும்! நோயாளி நாள்தோறும் பலமுறை நினைந்து நினைந்து பல்லைக் கடித்துப் பழக வேண்டும். சிறிதளவு இமை அசைவு எஞ்சியவர்களுக்கு, எண்ணி இமைக்கும் பயிற்சியே போதுமானதாக இருந்தது. வேலூரை அடுத்த கரிகிரியில் 1955-இல் தோன்றிய தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இத்தகைய பணிகளுக்கு இடமளித்தது. பிராண்டு தம்பதியர் 1966-இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குச் சென்றனர். மார்கரெட்டு 2014-இல் மறைந்தார்.

தோலுக்கும் கண்ணுக்கும் உள்ள உறவு தொழுநோயோடு முடிவதன்று. காளாஞ்சகப்படை உடையோர் சிலருக்குக் கண்ணின் உட்பகுதி அழற்சியுறுவதுண்டு. நாட்பட்ட கரப்பான் உள்ளவர் கண்ணை ஓயாது கசக்குவதால் கருவிழி கூம்பிவிடுதலும் உண்டு. தோல் மருத்துவர் கண்ணைப் பற்றியும் வினவுவது இதனாலேயே.

1981-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் வல்லுநர் குழு பரிந்துரைத்த கூட்டு மருந்துகள் தொழுநோயைக் குணப்படுத்துகின்றன. அரசு மருத்துவ நிலையங்களில் அவை இலவசமாகவே கிடைக்கின்றன. தொழுநோயாளரை ஒதுக்கி அடைக்க வகைசெய்த 1898-ஆம் ஆண்டுச் சட்டமோ 2016 வரை ஏட்டில் இருந்தது. கிருமியைவிடச் சட்டத்திற்கு ஆயுள் அதிகம் போலும்!

புளியமரத்தடி முதியவரிடம், கண் எரிகிறதா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு கோடையில் அவர் வருவது நின்றுபோயிற்று.