கல்லீரலைக் கறுக்க வைத்த இரும்பு

எம்.ஆர்.ஐ. படம் எடுக்கையில் சிலருக்கு நரம்பு வழியே ஒரு மருந்து செலுத்துவார்கள். உறுப்புகளின் வேறுபாட்டைப் படத்தில் எடுப்பாகக் காட்டும் மருந்து அது. இன்று பெரும்பாலும் அது கடோலினியம் என்னும் உலோகத்தைக் கொண்டது. ஆயினும் இப்பணிக்குத் தொடக்கத்திலேயே அழைக்கப்பட்டவற்றுள் இரும்பும் ஒன்று. 1981இல் இங்கிலாந்து ஆய்வாளர் அயன் யங்கின் குழுவினர், பெரிக் குளோரைடு என்னும் இரும்பு உப்பைப் பருகக் கொடுத்துக் குடல் பகுதியைத் தெளிவாகக் காட்ட முயன்றனர். சந்தையைப் பிடித்ததென்னவோ 1988இல் அமெரிக்க அனுமதி பெற்ற கடோலினிய மருந்துதான்.

பின்னர் இரும்பு வேறு வடிவில் வந்தது. இரும்பு ஆக்சைடை நானோ துகள்களாக்கி, டெக்ஸ்டிரான் என்னும் சர்க்கரைப் பொருளால் போர்த்தினர். வகுப்பில் நாம் தாளின்மேல் தூவிக் காட்டும் இரும்புத் தூளைவிடப் பன்மடங்கு நுண்ணியவை இவை. எம்.ஆர்.ஐ. கருவிக்குள் ஒவ்வொரு துகளும் சிறு காந்தமாகித் தன்னைச் சூழ்ந்த காந்தப் புலத்தைக் குலைக்கிறது. அருகிலுள்ள நீரின் சமிக்ஞை விரைந்து மங்கி, அவ்விடம் கறுப்பாகத் தெரிகிறது. கல்லீரலில் அந்நியப் பொருள்களை விழுங்கும் குப்பர் உயிரணுக்கள் இத்துகள்களையும் விழுங்கும். ஆகவே நலமான கல்லீரல் கறுக்கும். அவ்வுயிரணுக்கள் இல்லாத புற்றுக்கட்டி வெளுத்து நிற்கும். நலமான பகுதிக்கு மை பூசி நோயைத் தனித்துக் காட்டிய இந்த உத்தியை நான் மிகவும் வியக்கிறேன்.

பெரிடெக்ஸ் என்ற பெயரில் 1996இல் இம்மருந்து அமெரிக்க அனுமதி பெற்றது. எனினும் அதை அரைமணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்ற வேண்டும். சிலருக்கு முதுகுவலியும் கண்டது. 2008இல் உற்பத்தி நின்றது.

அது நின்ற காலந்தான் வேடிக்கையானது. சிறுநீரகம் செயலிழந்தோரில் சிலருக்குத் தோல் தடித்து இறுகும் கொடிய நோய்க்கும் கடோலினியத்துக்கும் தொடர்புண்டு என 2006இல் ஆஸ்திரிய மருத்துவர் தாமஸ் கிரோப்னர் சுட்டிக்காட்டியிருந்தார். மாற்று மருந்து தேவைப்பட்ட வேளையில் இரும்பு கடையில் இல்லை!

2009இல், சிறுநீரக நோயாளிகளின் இரத்தச்சோகைக்காக பெருமாக்சிட்டால் என்னும் இரும்புத் துகள் மருந்து அனுமதி பெற்றது. அது இரத்தத்திலேயே நெடுநேரம் சுற்றுவதால், இரத்தக் குழாய்களைப் படமெடுக்கவும் மருத்துவர்கள் அதைப் பயன்படுத்தலாயினர். கறுக்க வைத்த அதே இரும்பு, படமெடுக்கும் முறையை மாற்றியதும் குழாய்களை ஒளிரச் செய்தது. கடுமையான ஒவ்வாமை நேரக்கூடும் என்று 2015இல் அமெரிக்க அரசு எச்சரித்தபின், அதை மெதுவாக ஏற்றி நோயாளியைக் கண்காணிக்கிறார்கள். படம் எடுத்து முடிந்ததும் உடல் அந்த இரும்பைத் தன் சேமிப்பில் சேர்த்துக்கொள்கிறது. ஆயினும் மூன்று மாதம் வரை அதன் சாயல் படத்தில் தெரியலாம்; இரத்தச்சோகைக்காக இம்மருந்தை ஏற்றிக்கொண்டவர், அதற்குள் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.