அந்தியில் எழும் அரிய வௌவால்

மலைநாட்டில் கொழுந்து நிறுவை முடிந்து, லயங்களில் விளக்கேறும் வேளையில், பாறையிடுக்குகளிலும் மரப்பொந்துகளிலும் பகலைக் கழித்த வௌவால்கள் வெளிப்படுகின்றன. அட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்வோர்க்கு இது பழகிய காட்சி. அவ்வுயிர்களை இனம் பிரித்து எழுதிவைத்தவர்களை அறிந்தோர் சிலரே.

அவர்களுள் முன்னவர் இலங்கையிற் பிறந்த படை மருத்துவர் கெலார்ட். நுவரெலியாவில் தங்கி ஆராய்ந்த அவர், இலங்கை விலங்குகளைப் பற்றிய நூலை 1852இல் வெளியிட்டார். பின்னர்த் தோட்டத் துரையாகிய பிலிப்ஸ், இலங்கைப் பாலூட்டிகளுக்கென ஒரு கைந்நூலை 1935இல் இயற்றினார். துரைமார் சிலர் தோட்டத்திலிருந்தே இயற்கையை ஆராயும் இவ்வழக்கம் கடலுக்கு அப்பாலும் நிலவியது. மலைநாட்டுத் தமிழர் பலருடைய முன்னோர் புறப்பட்டு வந்த பழைய மதுரை மாவட்டத்தில், மேகமலையில், அதனால் விளைந்த வரலாறு ஒன்று உண்டு.

அம்மலையின் தோட்டத் துரைகளுள் ஒருவரான ஆங்கஸ் ஹட்டன், 1948இல் ஒரு பழந்தின்னி வௌவாலைப் பிடித்துப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். நாடெங்கும் காணப்படும் ஓரினமெனத் தவறாகக் கருதப்பட்டு, அது பேழைக்குள் நெடுங்காலம் கிடந்தது. தாய்லாந்து அறிஞர் கிட்டி தொங்லோங்யா அதனை எடுத்து நுணுகி நோக்கினார். வெளித்தோன்றும் வால் இல்லை; கீழ்த்தாடையில் முன்பற்கள் ஓரிணையே இருந்தன. இது புதிய இனம் மட்டுமன்று, புதிய பேரினமே என்று துணிந்து, பறவையியலறிஞர் சலீம் அலியின் பெயரை அதற்குச் சூட்டி, 1972இல் உலகுக்கு அறிவித்தார்.

அதே 1972ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட இந்திய வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமோ, பழந்தின்னி வௌவால்களைக் காகம், எலி ஆகியவற்றோடு கேடு விளைக்கும் உயிர்களின் பட்டியலில் வைத்தது. பெயர் பெற்ற ஆண்டிலேயே அவ்வரிய உயிர் காப்பற்றதாயிற்று. 1993இல் அது மீண்டும் உயிருடன் காணப்பட்டது. பிற்காலத்தில் இவ்வினத்துக்கு மட்டும் சட்டம் உயர்ந்த காப்பினை வழங்கியது. கேடு விளைப்பனவற்றின் பட்டியல் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டது.

பகலெல்லாம் மலைக்குகையின் இருளில் தொங்கும் இவ்வௌவால், அந்தியில் வெளிப்பட்டுக் காட்டுக் கனிகளை நாடிச் செல்கிறது. தின்ற கனியின் விதைகளைக் காட்டில் தூவுவதும் அதுவே. காடு குறையினும், மருந்தென்று நம்பி அதனை வேட்டையாடினும், குகையின் அமைதி குலையினும் அது நிலைத்தல் அரிது.

சாதாரணமானது என்று எழுதப்பட்ட ஒரு சீட்டு, ஓர் அரிய உயிரை இருபதாண்டுகளுக்கு மேல் மறைத்துவைத்தது. மலைநாட்டு அந்தியிற் பறப்பனவற்றையும் வெறும் வௌவால் என்று கூறி விடுவதற்குமுன், இன்னொரு முறை நிமிர்ந்து நோக்குதல் நன்று.