பால்மரக் காட்டிலிருந்து மின்சுற்றுப் பலகை வரை: மலாக்காவின் ஒரு வரலாறு



எங்கள் பள்ளி இயந்திரவியல் கழக மாணவர்கள் சென்ற ஆண்டு ஒரு சிறு இயந்திர எலியைச் செய்தார்கள். சுவர்கள் நிறைந்த புதிர்ப்பாதைக்குள் விட்டால், அது தானே வழி தேடி நடுக்கட்டத்தை அடைய வேண்டும். உலகெங்கும் இதை 'மைக்ரோமவுஸ்' என்பார்கள். நான் தமிழாசிரியை. 'துணைக்கு ஒரு டீச்சர் வேணும்' என்று கேட்டதால்தான் அந்தக் கழகத்துக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது, உள்ளங்கை அளவுள்ள அந்தப் பலகையில் நம் மலாக்காத் தோட்டத்து மக்களின் வரலாறும் இருக்கிறதென்று. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தரைக்கு அடியில் இருந்த மூளை

புதிர்ப்பாதையில் வழி கற்கும் இயந்திர எலியை 1950ஆம் ஆண்டு வாக்கில் செய்து காட்டியவர் அமெரிக்க அறிஞர் கிளாட் ஷானன். அதற்கு அவர் 'தீசியஸ்' என்று பெயர் வைத்தார். பாதை மொத்தம் 25 கட்டங்கள்தான். ஆனால் எலிக்குள் மூளை கிடையாது. பாதையின் அடியில் தொலைபேசி நிலையங்களில் பயன்படும் ரிலேக்களை அடுக்கி வைத்திருந்தார். எது வழி, எது சுவர் என்று நினைவில் வைத்ததெல்லாம் அவைதாம். எலியைக் காந்தம் ஒன்று கீழிருந்து இழுத்துச் சென்றது.

மூளை எலியின் முதுகுக்கு ஏற வேண்டுமானால் அது சிறியதாக வேண்டும். 1958இல் ஜாக் கில்பியும் 1959இல் ராபர்ட் நாய்ஸும் ஒருங்கிணைந்த சுற்றுக்கு வழி கண்டார்கள். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் 4004 நுண்செயலி விற்பனைக்கு வந்தது. அதன் பிறகுதான் மைக்ரோமவுஸ் போட்டி பிறந்தது. அமெரிக்காவின் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் 1977இல் போட்டியை அறிவித்தது. இறுதிச் சுற்று 1979இல் நியூயார்க்கில் நடந்தது. அப்போது ஒரு பக்கச் சுவரை ஒட்டியே ஓடினாலும் வெளிவாசலை அடைய முடிந்தது. யோசிக்கத் தேவையே இல்லை. ஆகவே 1980இல் லண்டன் போட்டியை நடத்திய ஜான் பில்லிங்ஸ்லி இலக்கைப் பாதையின் நடுவுக்கு மாற்றினார். இன்றைய வழக்கமான பாதையில் 16க்கு 16 என 256 கட்டங்கள் உண்டு. ஒவ்வொரு கட்டமும் 18 சென்டிமீட்டர். சுவரின் உயரம் 5 சென்டிமீட்டர்.

அந்தச் சில்லுகள் எங்கே உருவாயின?

இங்கேதான் மலாக்கா வருகிறது. சில்லுக்கு வேண்டிய சிலிக்கான் தகடுகள் மேலை நாடுகளில் தயாராயின. அவற்றைத் துண்டாக வெட்டுவது, கம்பி இணைப்பது, கறுப்புக் கூட்டுக்குள் அடைப்பது, சோதிப்பது ஆகிய வேலைகளுக்கு நிறைய கைகள் வேண்டும். சம்பளம் குறைவான நாடுகளை நிறுவனங்கள் தேடின. மலேசியா 1971இல் தடையற்ற வாணிப வட்டாரச் சட்டத்தை இயற்றி வரிச்சலுகை தந்தது. மலாக்காவில் பத்து பெரெண்டாம் அத்தகைய வட்டாரமானது. 1973இல் சீமென்ஸ் மலாக்காவில் தன் குறைக்கடத்தித் தொழிற்சாலையைத் தொடங்கியது. 1999 முதல் அதன் பெயர் இன்ஃபினியன். நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனமும் இங்கு வந்தது. அதை 2011இல் டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது.

அதே காலத்தில் தோட்டங்களில் என்ன நடந்தது? மலாயாவில் வாணிப நோக்கில் ரப்பர் பயிரிட்டவர்களில் முன்னோடி மலாக்காவின் டான் சாய் யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பின்னர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களில் பரவிய தோட்டங்களில் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டினார்கள். 1950களில் தொடங்கிய தோட்டத் துண்டாடல் பலரின் வேலையையும் வீட்டையும் பறித்தது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானது. பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குத் திரும்பினர். ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்ததும் ஆள் தேவை குறைந்தது. லயத்துப் பிள்ளைகள் வெளியில் வேலை தேடினார்கள். தொழிற்சாலைகளுக்குப் போன பெண்களில் பெரும்பாலோர் மலாய்க் கிராமத்துப் பெண்கள். அவர்களோடு நம் தோட்டத்துப் பெண்களும் போனார்கள்.

என் அத்தை அப்படிப் போனவர். ஜாசின் பக்கத் தோட்டம் ஒன்றில் பெரட்டுக்கு நிற்க வேண்டிய வயதில், மூன்று ஷிப்ட் வேலைக்குப் பஸ் ஏறினார். நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியால் சில்லையும் கால்களையும் இணைக்கும் வேலை. முப்பது வயதுக்குள் கண்ணாடி போட்டுவிட்டார்.

வரைபடம் வேறு, பலகை வேறு

இனி மாணவர்களின் எலிக்கு வருவோம். இந்தச் சிறு எலிக்குத் தனியாக உடம்பு கிடையாது; மின்சுற்றுப் பலகையேதான் உடம்பு. முன்பக்கம் அகச்சிவப்பு விளக்குகளும் உணரிகளும் இருக்கும். விளக்கை ஏற்றி ஒரு முறை, அணைத்து ஒரு முறை அளந்து, வித்தியாசத்தை எடுத்தால் சுவர் எவ்வளவு அருகில் என்று தெரியும்; வகுப்பறை வெளிச்சம் கணக்கைக் கெடுக்காது. பின்னால் இரண்டு மோட்டார்களும் அவற்றை இயக்கும் சில்லும். நடுவில் மின்கலம். இவற்றுக்கெல்லாம் தலைமை மைக்ரோகண்ட்ரோலர். அதுதான் ஒவ்வொரு கட்டத்துக்கும் 'நடுவிலிருந்து எத்தனை கட்டம்' என்று எண் போட்டு, புதுச் சுவரைக் கண்டதும் எண்களை மாற்றி எழுதும். நடுவிலிருந்து வெள்ளம் பரவுவது போன்ற கணக்கு இது.

மாணவர்கள் கணினியில் வரைந்த சுற்று சரியாகத்தான் இருந்தது. ஆனால் பலகை வந்ததும் எலி இரண்டு கட்டம் ஓடி நின்றுவிட்டது. "டீச்சர், மோட்டார் ஓடுனா மூளை அணைஞ்சிடுது," என்றான் ஒருவன். ஒரு வாரம் நிரலில் பிழை தேடினார்கள். பிழை பலகையில் இருந்தது. மோட்டார் கிளம்பும்போது மின்னோட்டத்தை அள்ளிக் குடிக்கும். அப்போது மைக்ரோகண்ட்ரோலருக்குப் போகும் மின்னழுத்தம் சட்டென விழும். அது மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இதைத் தாங்கவே மின்தேக்கிகளைச் சில்லின் காலுக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் இடம் கிடைத்த மூலையில் வைத்திருந்தார்கள். வரைபடத்தில் தூரம் தெரியாது, பலகையில் தூரம்தான் எல்லாம். இரண்டாவது பலகையில் மின்தேக்கிகளை நெருக்கி வைத்தார்கள். மோட்டாருக்கு மின்கலத்திலிருந்தே தனியாகத் தடித்த செப்புப் பாதை கொடுத்தார்கள். அடிப்பக்கம் முழுவதையும் தரை இணைப்பாக்கினார்கள். எலி நடுக்கட்டத்தை அடைந்தது.

அத்தையின் கேள்வி

அந்தப் பலகையை அத்தையிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள நான் கம்பி கட்டியிருக்கேன்டி. ஆனா இது எங்க போவுது, எதுக்குன்னு யாரும் சொன்னதில்ல. இந்தப் புள்ளைங்களே கோடு போட்டுச்சுங்களா?" என்றார்.

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் சாரம். கம்பி கட்டிய கைக்கும் கோடு போடும் கைக்கும் நடுவில் இருப்பது கல்வி. தோட்டத்துக்குக் கிடைக்காதது அதுதான். இன்று வழி திறந்திருக்கிறது. 2000இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகக் கல்லூரி, 2007 முதல் மலேசிய மலாக்கா தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. கீழ்நிலைப் படிவங்களின் வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்தில் மின்னணு வடிவமைப்பும் உண்டு. ஆனால் 'இது நமக்கு வராது' என்று ஒதுங்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: நம் வீட்டுப் பெண்கள் ஐம்பது ஆண்டுக்கு முன்பே இந்தத் தொழிலுக்குள் போய்விட்டார்கள்.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு சொல். தோட்டத் தொழிலாளர் பற்றியோ தொழில்நுட்ப வளர்ச்சி பற்றியோ கட்டுரை வந்தால், ஆண்டுகளை மட்டும் அடுக்காதீர்கள். துண்டாடல், 1968 சட்டம், 1971 சட்டம், தொழிற்சாலை, பல்கலைக்கழகம் என்று ஒன்றிலிருந்து ஒன்று எப்படி விளைந்தது என்று காட்டுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் போய், எங்கே வேலை செய்தார், என்ன செய்தார் என்று கேட்டு எழுதுங்கள். அந்தப் பத்தியை உங்களைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாது.