கிரியேட்டினின் 1.1

எங்கள் ஃபார்மசியில் ஏறக்குறைய எல்லா ஆன்டிபயாட்டிக்கும் கிராம், மில்லிகிராம் கணக்கில் இருக்கும். பென்சிலினோ லட்சத்தில் வரும். கிரிஸ்டலைன் என்றால் 10 லட்சம் யூனிட், பென்சாத்தைன் என்றால் 12 லட்சம், 24 லட்சம். "இது மட்டும் ஏன் மேடம் இப்படி?" என்று புதிதாக வரும் பிள்ளைகள் கேட்காமல் இருப்பதில்லை.

1940 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டில் பென்சிலினை மருந்தாக்க முயன்ற ஃப்ளோரியின் குழுவிடம் இருந்தது சுத்தமான பென்சிலின் அல்ல. ஒரு பழுப்புத் தூள். அதில் மருந்து எவ்வளவு, அழுக்கு எவ்வளவு என்று தராசு சொல்லாது. அதனால் நார்மன் ஹீட்லி கிருமி வளர்த்த தட்டில் அதை வைத்து, எவ்வளவு தூரத்துக்குக் கிருமி வளராமல் தடுக்கிறது என்று பார்த்து அளந்தார். யூனிட் என்பது அப்படி வந்ததுதான். சுத்தமான மருந்து கிடைத்த பிறகு, 1944-ல், ஒரு யூனிட் என்பது 0.6 மைக்ரோகிராம் என்று தீர்மானித்தார்கள். ஆக, 10 லட்சம் என்பது 600 மில்லிகிராம். கோலிஸ்டினில் இதே தலைவலி இன்னும் தீரவில்லை. நம் ஊர் வயலில் லட்சம் யூனிட். அமெரிக்கப் புத்தகத்தில் மில்லிகிராம், அதுவும் உப்பின் எடை அல்ல, மூல மருந்தின் எடை. இந்த மாற்றுக் கணக்கு தெரியாமல் யாரும் அந்த வயலைத் தொடக் கூடாது என்பது என் கட்சி.

அதே ஆக்ஸ்ஃபோர்டில், ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரருக்கு 1941 பிப்ரவரி 12 அன்று பென்சிலின் ஊசி தொடங்கினார்கள். காய்ச்சல் இறங்கியது. அதற்குள் மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரைப் பிடித்துவைத்து, அதிலிருந்து பென்சிலினைப் பிரித்தெடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார்கள், அதுவும் தீர்ந்தது. மார்ச் 15 அன்று அவர் இறந்தார். மருந்து போதாமல் போன கதையாகத்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தச் சிறுநீர்தான் முக்கியம். போட்ட மருந்து சிறுநீரகம் வழியாக ஓடிவிடுகிறது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. சிறுநீரகம் சோர்ந்தவருக்கு அது உள்ளேயே தங்கும் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் மருந்து எடுத்துக் கொடுப்பவர் அதைக் கேள்வியாகக் கேட்கத் தொடங்க இன்னும் ஒரு தலைமுறை ஆனது.

அதுவரை கம்பவுண்டரின் சோதனை, சீட்டில் இருப்பதும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றா என்பதோடு முடிந்தது. குழந்தை என்றால் எடை பார்ப்பார்கள். எடை மட்டும் போதாது என்று காட்டியது குளோராம்ஃபெனிகால். குறைமாதக் குழந்தைகளுக்குக் கிலோவுக்கு இத்தனை என்று கணக்கிட்டுத்தான் கொடுத்தார்கள். உடல் சாம்பல் பூத்து, வயிறு உப்பி, குழந்தைகள் இறந்தன. 1959-ல் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர்கள் அதை எழுதினார்கள். அந்த மருந்தை முறித்து வெளியேற்றும் அளவுக்குப் பச்சைக் குழந்தையின் ஈரல் இன்னும் தேறியிருக்காது. எடையோடு வயதும் கேள்வியில் சேர்ந்தது.

அடுத்து வந்தது ஜென்டாமைசின். கொஞ்சம் கூடினால் சிறுநீரகமும் காதும் போகும். குறைந்தால் கிருமி போகாது. இந்த மாதிரி மருந்தைக் கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி சரிபார்க்க முடியாது. 1966-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையின் ஒன்பதாவது மாடியில் மருந்தாளுநர்களை வார்டிலேயே உட்காரவைத்துப் பார்த்தார்கள். கேஸ் ஷீட்டைப் புரட்டும் உரிமை எங்கள் தொழிலுக்கு அங்கேதான் கிடைத்தது என்று நான் சொல்வேன். நம் நாட்டில் மருந்தாளுநரை வார்டுக்குத் தயார்செய்யும் பார்ம்.டி படிப்பு வந்ததே 2008-ல்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் கணக்கு வந்தது 1976-ல். மான்ட்ரியாலில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில், காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 249 நோயாளிகளை வைத்துப் போட்ட சூத்திரம். 140-லிருந்து வயதைக் கழி, எடையால் பெருக்கு, 72-ஐ, ரத்தத்தில் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினினின் அளவால் பெருக்கி வருவதால் வகு. பெண் என்றால் 15 சதவீதம் குறை. படைவீரர் மருத்துவமனை, ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள். எங்கள் பெண்கள் வார்டின் பாதி டோஸ் இன்றும் அந்த 15 சதவீதத்தில்தான் தொங்குகிறது.

கிரியேட்டினின் 1.1 என்று இரண்டு ரிப்போர்ட் வருகிறது. பல லேப் தாளில் அதற்குத் தடித்த எழுத்துகூட விழாது. ஒருவர் 25 வயது, 70 கிலோ பையன்: சூத்திரப்படி அவன் சிறுநீரகம் வடிகட்டுவது நிமிடத்துக்கு 102 மில்லி. இன்னொருவர் 70 வயது, 45 கிலோ பாட்டி: 34. மூன்றில் ஒரு பங்கு. மெரோபெனம் என்ற ஆன்டிபயாட்டிக் ஒரு கிராம் பையனுக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். பாட்டிக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். சீட்டில் இரண்டுமே எட்டு மணி நேரத்துக்கு என்றுதான் வரும். அதற்காக முதல் டோஸைக் குறைக்கக் கூடாது. கடும் தொற்றில் முதல் நாளே கையைச் சுருக்கினால் பிழைக்க வேண்டியவர் பிழைக்க மாட்டார். குறைத்தே பழகிய மருந்தாளுநர்கள் இதை ஒத்துக்கொள்ளச் சங்கடப்படுவார்கள். குறைவான டோஸில் கிருமி பழகிவிடும் என்று பென்சிலினைக் கண்டுபிடித்த ஃப்ளெமிங் 1945-லேயே நோபல் உரையில் எச்சரித்திருக்கிறார்.

நான் வேலை பார்த்த இடங்களில், வார்டிலிருந்து மருந்து கேட்டு வரும் இன்டென்ட் தாளில் பெயர், ஐ.பி. எண், மருந்து, எண்ணிக்கை என்று நான்கே கட்டம்தான். எடையும் கிரியேட்டினினும் வேண்டும் என்று கேட்டுக் கேட்டு, ஒருவழியாக இரண்டு கட்டம் சேர்த்தார்கள். முதல் மாதம் வந்த தாள்களில் எடைக் கட்டம் காலியாக இல்லை. ஆனால் வார்டே 60 கிலோவாக இருந்தது. போன் போட்டேன்.

"சிஸ்டர், பன்னிரண்டாம் பெட் பாட்டியும் அறுபதா?"

"எழுந்து நிக்கவே மாட்டேங்கிறாங்க மேடம். எப்படி வெயிட் பாக்கிறது? பாத்தா அப்படித்தான் தெரியுது."

அவர் சொன்னதும் நியாயம். படுத்த நோயாளியை எடைபோடும் கருவி அந்த மாடியில் இல்லை. அடுத்த முறை தாள் அச்சடிக்கக் கொடுத்தபோது எடைக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டம் போடச் சொன்னேன்: 'நிறுத்தது', 'உத்தேசம்'. உத்தேசத்தில் டிக் விழுந்த தாளோடு நான் மாடி ஏறிவிடுவேன்.