ஏட்டில் எழுந்த நகரம்

கண்ணாற் காணாத நகரம் ஒன்றைச் சொல்லால் எழுப்பிக் காட்டுதல் புலவர்தம் ஆற்றல். அச்சொல்லைப் பற்றிக்கொண்டு அந்நகரை மீண்டும் வண்ணத்தால் எழுப்புதல் ஓவியர்தம் ஆற்றல். இலக்கியத்தில் வரும் நகரம் ஒன்றை வரைந்து வருக என்று பள்ளியிற் பணி தருவார்களாயின், மாரெட்பள்ளியில் வாழும் நம் சிறார் எதனை வரைவர்? மேலைநாட்டுக் கதைகளின் மாயக் கோட்டைகளே முதலில் அவர்கள் நினைவுக்கு வரும். அவற்றைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. ஆயினும் நம் வீட்டு அலமாரியிலேயே ஒரு பெருநகரம் திறப்பாரின்றிக் கிடக்கின்றது என்பதை இவ்வாண்டு மலர் வாயிலாக நினைவூட்ட விழைகின்றோம். அதுவே காவிரிப்பூம்பட்டினம் என்னும் புகார்.

புகாரை வரைய விரும்பும் மாணவன் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவு ஊரெடுத்த காதை அவனுக்கு ஒரு நகர வரைபடத்தையே தந்துவிடுகின்றது. கடலை ஒட்டி மருவூர்ப்பாக்கம். அங்கே யவனர் இருக்கைகளும், மணப்பொருள் விற்போர், நெசவாளர், பொற்கொல்லர், மீன் விற்போர் ஆகியோர் வாழும் வீதிகளும் உள்ளன. உள்ளே பட்டினப்பாக்கம், அங்கே அரச வீதியும் வணிகர் மாளிகைகளும் மருத்துவர், சோதிடர் இருப்பிடங்களும் உள்ளன. இரண்டிற்கும் இடையே, மரங்களின் நிழலில் நாளங்காடி கூடுகின்றது. வீட்டுச் சாளரங்கள் மானின் கண்போன்ற துளைகள் உடையவை என்பதுவரை இளங்கோவடிகள் கூறிவிடுகிறார். பட்டினப்பாலையோ, துறைமுகத்திற் குவிந்த பண்டங்களின்மீது சோழரின் புலி முத்திரை இடப்படுவதைக் காட்டுகின்றது. ஓவியனுக்கு இனி என்ன வேண்டும்?

இந்நகரம் கடல்கோளால் அழிந்ததென்று மணிமேகலை கூறுகின்றது. மண்ணில் மறைந்த நகரம் ஏட்டிலும் மறையவிருந்தது. ஊர் ஊராக அலைந்து சுவடி தேடிய உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடனும், 1898இல் மணிமேகலையையும் பதிப்பித்தார். அதன் பின்னரே புகார் நகரம் பலரும் எளிதிற் படித்துணரத்தக்கதாயிற்று.

அது முற்றும் கற்பனைதானோ என்று ஐயுற்றோரும் இருந்தனர். 1962-63 முதல் இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையினர் பூம்புகார்ப் பகுதியில் அகழ்ந்தனர். கீழையூரில் செங்கல்லாற் கட்டிய படகுத்துறையும், படகுகளைப் பிணிக்க நட்ட மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. வானகிரியில் நீர்த்தேக்கமும், பல்லவனேச்சுரத்திற் பௌத்த விகாரையும் கிடைத்தன. காப்பியத்தின் ஒவ்வொரு மாடமும் மெய்யென்று இவை நிறுவிவிடவில்லை. ஆயினும் புலவர் வெறும் வெளியில் நகர் எழுப்பவில்லை என்பதற்கு இவை சான்றாகும்.

இங்கே மாணவர்க்கு ஒரு குறிப்பு. தமிழ் நகரம் என்றவுடன் வானளாவிய கற்கோபுரத்தை வரைந்துவிடுதல் இயல்பு. கல்லாற் கோயில் எழுப்பும் வழக்கம் பல்லவர் காலத்திற் பரவியது. நெடிய கோபுரங்கள் அதற்கும் பிற்பட்டவை. புகார் செங்கல்லும் மரமும் சுதையும் கொண்டு எழுந்த ஊர். ஆகவே கோபுரத்திற்குப் பதிலாகக் கலங்கரை விளக்கத்தையும், பாய்விரித்த நாவாய்களையும், கொடிகள் அசையும் கடைத்தெருவையும் வரைதலே பொருத்தமாகும். கற்பனைக்கும் வரம்புண்டு, அவ்வரம்பை அறிவதற்குப் பெயரே வரலாறு.

காப்பிய நகரைக் கண்முன் நிறுத்தப் பெரியோர் செய்த முயற்சிகளும் உள. 1973ஆம் ஆண்டு தமிழக அரசு பூம்புகாரில் ஏழுநிலை மாடத்துடன் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எழுப்பியது. கண்ணகி கதை அங்கே சிற்பங்களாக விரிகின்றது. பத்திரிகை உலகில், 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் வெளிவந்த ‘பொன்னியின் செல்வ’னுக்கு ஓவியர் மணியம் படம் வரைந்தார். பழையாறையையும் தஞ்சையையும் நினைக்கும்போது, பல குடும்பங்களில் இன்றும் மனக்கண்முன் தோன்றுவன அவர் தீட்டிய கோடுகளே.

நாம் வாழும் இந்நகரத்தின் கதையும் இதற்கு அயலானதன்று. 1591இல் ஐதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப்ஷா தாமே ஒரு கவிஞர். சுவர்க்கத்தை மனத்திற் கொண்டே மீர் மூமின் இந்நகரை வகுத்தார் என்பர். சார்மினாரை நடுவாகக் கொண்டு நாற்புறமும் வீதிகள் செல்லும் அமைப்பை நாள்தோறும் காண்கிறோம். தெருக்களை இதழ்களாகவும் கோயிலைப் பொகுட்டாகவும் கொண்டு மதுரையைத் தாமரையாகக் கண்ட பரிபாடற் புலவரை இது நினைவூட்டவில்லையா? நகரம் முதலில் மனத்திற் பிறந்து பின்னரே மண்ணில் எழுகின்றது.

1806இல் சிகந்தராபாத் படைவீட்டூராகப் பெயர் பெற்ற நாள் தொட்டுப் படையிலும், பின்னர் இரயில்வேயிலும், அலுவலகங்களிலும் பணியாற்றத் தமிழர் இங்கு வந்து குடியேறினர். நம் பேரப்பிள்ளைகளுக்குக் கும்பகோணமும் திருநெல்வேலியும் பாட்டி சொல்லக் கேட்ட ஊர்களே. புகாரைப்போல அவையும் சொல்லில் வாழும் நகரங்கள் ஆகிவிட்டன. வீட்டில் தமிழ் பேசுவோர் பலர். தமிழ் படிப்போரோ ஆண்டுக்காண்டு குறைகின்றனர். படிப்பாரில்லையேல் சொல்லில் வாழும் நகரம் இரண்டாம் முறையும் மூழ்கும். அம்முறை அதை விழுங்குவது கடலாக இராது.

ஆதலால் பெற்றோரை வேண்டுகிறோம். பிள்ளை வண்ணப்பெட்டியைத் திறக்கும்போது, அருகிலமர்ந்து இந்திரவிழவு ஊரெடுத்த காதையை ஒருமுறை உரக்கப் படியுங்கள். அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறுங்கள். நாளங்காடி எங்கே, யவனர் வீதி எங்கே என்று அக்குழந்தை கேட்கத் தொடங்கும். வரைந்த படம் பரிசு பெறினும் பெறாதொழியினும், கேட்ட சொற்கள் அக்குழந்தையிடம் தங்கிவிடும்.