எரிந்த ஓவியமும் எஞ்சிய வரைவுகளும்

போர்க்காலத் தலைவரின் உருவத்தைத் தீட்டும் கலைஞன், தலைவர் விரும்பும் முகத்தைத் தருவதா, தான் கண்ட முகத்தைத் தருவதா என்பது பழமையான வினா. இதற்கு இருபதாம் நூற்றாண்டு அளித்த சான்று, கிரஹாம் சதர்லாந்து தீட்டிய வின்ஸ்டன் சர்ச்சிலின் உருவ ஓவியம்.

சர்ச்சிலின் எண்பதாம் பிறந்தநாளுக்காக இங்கிலாந்து நாடாளுமன்றத்தின் இரு அவையினரும் இவ்வோவியத்தை வரைவித்தனர். 1954 ஆகஸ்டில் சார்ட்வெல் இல்லத்தில் அவரை எதிரே அமர்த்தி, தலை, கைகள் எனத் தனித்தனியே கரியாலும் எண்ணெய் வண்ணத்தாலும் சதர்லாந்து வரைவுகள் எழுதினார். நவம்பர் 30 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் திரை விலகியது. வெற்றித் திருமுகத்தை எதிர்பார்த்த இடத்தில், முதுமையின் சுமையோடு நாற்காலியை இறுகப் பற்றிய ஒருவர் வீற்றிருந்தார். தாமும் ஓவியரான சர்ச்சில், அதனை நவீனக் கலையின் குறிப்பிடத்தக்க எடுத்துக்காட்டு என்று கூற, அவை நகைத்தது. அவர் உள்ளமோ கசந்தது. சில ஆண்டுகளுக்குள் அவர் துணைவியாரின் விருப்பப்படி ஓவியம் எரிக்கப்பட்டது. 1977இல் அவ்வம்மையார் மறைந்த பின்னரே, 1978இல், உலகம் இதனை அறிந்தது. ஆயினும் வரைவுகள் அழியவில்லை. அவற்றுள் எண்ணெய் வண்ணத் தலை ஒன்று 2024இல் இலண்டனில் ஏலம் போயிற்று.

கொங்கு மண்ணும் அம்முகத்தை வேறொரு கோணத்தில் அறியும். அவர் தலைமை அமைச்சராயிருந்த 1942 ஆகஸ்டில் சூலூர் விமானத்தளம் விடுதலைப் போராளிகளால் தீக்கிரையாயிற்று. அடக்குமுறை ஊர்களைச் சூழ்ந்தது. இலண்டனில் மீட்பராக விளங்கியவர் இங்கே ஆதிக்கத்தின் உருவாகவே நின்றார். எந்த ஒரு படமும் ஒரு தலைவரை முழுமையாகக் காட்டிவிடாது என்பதற்கு இதுவே சான்று.

எரிந்த ஓவியத்தின் கதை தமிழுக்குப் புதிதன்று. சேர வேந்தரைப் பாடிய பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைத்தில. பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானின் தகடூரை வென்ற போரைப் பாடிய தகடூர் யாத்திரையும் முழுமையாக எஞ்சவில்லை. புறத்திரட்டும் உரையாசிரியர் மேற்கோள்களும் காத்த பாடல்களே அதன் வரைவுகளாய் நிற்கின்றன. அங்கே அழித்தது மனிதக் கை, இங்கே காலம். காத்ததோ இரண்டிடத்தும் சிதறிய துணுக்குகளே.

பாட்டுடைத் தலைவனைப் போற்றிய அதே புலவர் மரபு, செவியறிவுறூஉ என்னும் துறையையும் படைத்து, வேந்தனுக்கு உண்மை உரைக்கும் உரிமையைத் தனக்கென வைத்துக்கொண்டது. சதர்லாந்தின் தூரிகை நாடியதும் அவ்வுரிமையையே. கவிஞர் தம் கைப்படிகளையும் திருத்தங்களையும் பேணிக் காத்தல் வேண்டும். முடிந்த படைப்பு மறுக்கப்படும் நாளில், உண்மைக்குச் சான்று கூற எஞ்சுவன அவையே.